வரப்புக்கு இரண்டடி

கேள்வியில் எழுதப்படாத வரப்பைக் கணக்கில் சேர்த்தது தவறா? மூன்று மாதமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது தவறுதான் என்று தோன்றுகிறது. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டம் கட்டமாகக் கிடக்கும் உப்பளத்தைப் பார்த்தால் தவறே இல்லை என்று தோன்றுகிறது. இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை மாத மழை. உப்பளத்தில் வேலை கிடையாது, அதனால் என் கணவர் வீட்டில் இருந்தார். சின்னவனுக்கு ஒன்றரை வயது, அவனுக்கு நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கணக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மீப்பெரு பொதுக் காரணி பாடம். இரண்டு எண்களையும் மிச்சமில்லாமல் வகுக்கும் எண்களில் எது மிகப் பெரியதோ அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"மா, விடை ரொம்பச் சின்னதா வந்தா தப்பா?" என்று கேட்டாள்.

கேள்வியைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். எழுபத்து நான்கு அடி நீளமும் ஐம்பத்தாறு அடி அகலமும் உள்ள ஓர் உப்பளத்தை மிச்சமில்லாமல் ஒரே அளவான சதுரப் பாத்திகளாகப் பிரிக்க வேண்டும். மிகப் பெரிய பாத்தியின் பக்க அளவு என்ன?

புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. கணக்கு டீச்சரே எழுதிப் போட்டது.

நான் திண்டிவனத்தில் பி.காம். முடித்தவள். கேட்பது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உப்பளம் என்று காதில் விழுந்ததும் தாளில் போட்ட நீள்சதுரம் எனக்குத் தெரியவில்லை. வரப்புதான் தெரிந்தது. என் அப்பாவும் உப்பளத்தில் வேலை செய்தவர், கணவரும் அதே வேலை. சுற்றிலும் வரப்பு இருக்கும். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் வரப்பு இருக்கும். தலையில் உப்புக் கூடையோடு ஒருத்தி அதன்மேல்தான் நடந்து வர வேண்டும். எதிரில் இன்னொருத்தி வந்தால் ஒதுங்கவும் வேண்டும். இரண்டடி இல்லாமல் முடியாது. வரப்பு இல்லாமல் பாத்தி போட்டால் அது பாத்தியா, குட்டையா?

பென்சிலை வாங்கி நானே போட்டேன். முதல் வரப்புக்கு இரண்டடி கழித்தால் நீளம் எழுபத்திரண்டு, அகலம் ஐம்பத்து நான்கு. அதன் பிறகு ஒவ்வொரு பாத்திக்கும் பின்னால் ஒரு வரப்பு வரும். ஆகவே பாத்தியும் வரப்பும் சேர்ந்த அளவுதான் இரண்டையும் மிச்சமில்லாமல் வகுக்க வேண்டும். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துக்கொண்டே போகும் முறை எனக்குப் பிடிக்கும். எழுபத்திரண்டில் ஐம்பத்து நான்கு போனால் பதினெட்டு. ஐம்பத்து நான்கில் பதினெட்டு போனால் முப்பத்தாறு. முப்பத்தாறில் பதினெட்டு போனால் பதினெட்டு. இரண்டும் ஒன்றாகிவிட்டது. பதினெட்டில் வரப்புக்கு இரண்டை எடுத்தால் பாத்தி பதினாறடி.

சரிபார்க்காமல் எதையும் விட மாட்டேன். கேஸ் குமிழைத் திருகிய பிறகும் ஒருமுறை போய்த் தொட்டுப் பார்ப்பவள் நான். நான்கு பாத்திக்கு அறுபத்து நான்கு, ஐந்து வரப்புக்குப் பத்து, மொத்தம் எழுபத்து நான்கு. மூன்று பாத்திக்கு நாற்பத்தெட்டு, நான்கு வரப்புக்கு எட்டு, மொத்தம் ஐம்பத்தாறு. ஓர் அங்குலம் மிச்சமில்லை. இவ்வளவு கச்சிதமாக உட்காரும் கணக்கு தற்செயலாக இருக்குமா? டீச்சர் வேண்டுமென்றேதான் வரப்பை ஒளித்து வைத்திருக்கிறார், நம் பிள்ளைகளுக்கு அது தெரிகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர்மேல் எனக்கு மரியாதைகூட வந்தது. மகளிடம் பதினாறு என்று எழுதச் சொன்னேன். எழுதினாள்.

இப்போது அந்த டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். நன்றாகப் பாடம் நடத்துவார், அதை நான் மறுக்க மாட்டேன். ஒன்றிய அளவில் நடக்கும் கணக்குப் போட்டிக்காக ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் தனியாக வகுப்பு எடுத்தார். அந்த ஐந்து பேரில் என் மகள் ஒருத்தி. அதுவரை என் மகள் எதையும் வேண்டும் என்று கேட்டவள் இல்லை. மிட்டாய்கூட நான் வாங்கிக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள். அந்த மதிய வகுப்புக்காகச் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடுகிறாள் என்று கேள்விப்பட்டபோது, அவளுக்கென்று ஒரு விருப்பம் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மாலை நோட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். பதினாறின்மேல் சிவப்பு மையில் குறுக்குக்கோடு, பக்கத்தில் ஒரு இரண்டு, கீழே பூஜ்யம். என்ன நடந்தது என்று அவள் வாயிலிருந்து வாங்க இரவுச் சாப்பாடு வரை ஆனது. அதையும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, அவளும் அதே வகுப்புதான், முழுதாகச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

டீச்சர் நோட்டைக் கையில் பிடித்து வகுப்புக்குக் காட்டியிருக்கிறார். யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். அம்மாதான், வரப்புக்கு இடம் விட்டுப் போட்டாங்க என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். அதற்கு டீச்சர் சொன்னது இது.

"உங்கம்மா காலேஜ் படிச்சவங்கன்னு சொன்ன? உப்பளத்துலயே கெடந்தா புத்தியும் அங்கயேதான் கெடக்கும்."

வகுப்பே சிரித்திருக்கிறது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள். அவர்களும் சிரித்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து என் மகளுக்குப் பெயர் "வரப்பு". பிரேயரில் வரிசை நிற்கும்போது, "வரப்ப மிதிச்சுடாதீங்கடா" என்று பின்னாலிருந்து சொல்வார்களாம்.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கணக்கை மறுபடி போட்டேன், வரப்பு இல்லாமல். எழுபத்து நான்கில் ஐம்பத்தாறு போனால் பதினெட்டு. ஐம்பத்தாறில் பதினெட்டு பதினெட்டாகப் போனால் கடைசியில் இரண்டு. பதினெட்டில் இரண்டிரண்டாகப் போனாலும் இரண்டு. டீச்சரின் விடை இரண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாத்தி. அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் போட முடியும். அப்படிப் பார்த்தால் அந்த உப்பளத்தில் ஆயிரத்து முப்பத்தாறு பாத்தி வரும். உலகத்தில் எந்த உப்பளத்தில் அப்படிப் பாத்தி இருக்கிறது? அந்த எண்ணைப் பெருக்கிப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. வந்தது போகவே இல்லை.

பள்ளிக்குப் போய் நேராகக் கேட்டிருக்கலாம். ஒரு வரியில் முடிந்திருக்கும். கேட்டால் மகளின் மார்க்கில் கை வைப்பாரோ, மதிய வகுப்பிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். கணவரும் விடு என்றார். மகளைக் கேட்டேன். வேண்டாம்மா என்றாள். மதிய வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். முன்பு முதலில் உட்காருவாள், இப்போது கடைசி. கை தூக்குவதில்லை. விடை தெரிந்தாலும் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிச் சொல்ல வைக்கிறாளாம்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். கூட்டக் குறிப்பை எழுதத் தெரிந்த அம்மா ஒருத்தி வேண்டும் என்பதற்காக என்னைச் சேர்த்தார்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம். டீச்சர்களுக்கு டீ கொடுப்பதும் என் வேலையாகிவிட்டது. அந்த மாதக் கூட்டத்தில் கணக்கு டீச்சருக்கு மட்டும் கடைசியாக, ஆறிப்போன டம்ளரைக் கொடுத்தேன். ஏடு படிந்த டீயை அவர் அப்படியே குடித்தார். இது அற்பம் என்று எனக்கே தெரிந்தது. அடுத்த கூட்டத்திலும் அதையே செய்தேன்.

ஆனால் அது போதவில்லை. என் மகள் எத்தனை பேர் முன்னால் நின்றாளோ அத்தனை பேர் முன்னால் அவரும் நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கணக்கு நேராகாது என்று தோன்றியது. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போனால் இரண்டும் ஒன்றாகும் இடம் ஒன்று வரும் அல்லவா, அந்த இடம்வரை அவரை இறக்கிக் கொண்டுவர வேண்டும். இட்லி ஊற்றும்போதும் சின்னவனைத் தூங்க வைக்கும்போதும் இதையே யோசித்தேன்.

பொங்கல் முடிந்து உப்பள வேலை தொடங்கியது. முதல் வேலை பாத்தி மிதிப்பது. களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினால்தான் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். அந்த வாரங்களில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் முழங்கால்வரை சேற்று நிறம்தான், எவ்வளவு கழுவினாலும் போகாது. தை மாதக் கூட்டத்துக்கு அம்மாக்கள் அப்படித்தான் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கூட்டத்துக்குக் காத்திருந்தேன்.

குழுவின் தலைவி எங்கள் தெரு அக்கா. இருபது வருடமாக உப்பு வாருகிறவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆனால் எச்.எம்.மையே உட்கார வைத்துப் பேசுவார். அவரிடம் இரண்டு நாள் முன்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னாது, ரெண்டடியா?" என்று கேட்டுவிட்டு, வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "நீ அந்தம்மாவ கோடு மட்டும் போட வெச்சுடு. மீதிய நான் பாத்துக்குறேன்."

கூட்டத்தில் கழிவறைத் தண்ணீர், காம்பவுண்டுச் சுவர் எல்லாம் பேசி முடித்த பிறகு, நான் எழுந்து மிகவும் பணிவாகப் பேசினேன். எங்கள் ஊர்த் தொழிலை வைத்தே டீச்சர் கணக்கு சொல்லித் தருகிறார், எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது, அதை மைதானத்தில் கோடு போட்டுக் காட்டினால் படிக்காத பெற்றோரும் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள் என்றேன். எச்.எம். நல்ல யோசனை என்றார். டீச்சர் சந்தோஷப்பட்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு நொடி நிறுத்திவிடலாமா என்று இருந்தது. நிறுத்தவில்லை.

விளையாட்டுக்கு வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியை எடுத்து வந்தார்கள். அப்போது பள்ளி விடும் நேரம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். டீச்சர் அளவு நாடா பிடிக்கச் செய்து, எழுபத்து நான்குக்கு ஒரு கோடு, ஐம்பத்தாறுக்கு ஒரு கோடு போட்டார். எழுபத்து நான்கை இரண்டும் முப்பத்தேழுமாக, ஐம்பத்தாறை இரண்டும் இருபத்தெட்டுமாகப் பிரித்து, இரண்டுக்கும் பொதுவானது இரண்டுதான் என்று அழகாக விளக்கினார். பிறகு மூலையில் இரண்டடிக்கு இரண்டடியாக ஒரு கட்டம், பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று என்று ஏழெட்டுக் கட்டம் போட்டார்.

தலைவி அக்கா புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் முதல் கட்டத்துக்குள் நின்றார். சேற்று நிறக் கால் இரண்டும் வெள்ளைக் கோட்டை உரசின. மிதிப்பதுபோல ஓரடி எடுத்து வைத்தார். கால் அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது.

"டீச்சர், ஒரு காலு இந்தப் பாத்தியில இருக்குது, இன்னொரு காலு அடுத்த பாத்திக்குப் போயிடுச்சு. நடுவுல நான் எங்க நிக்குறது?"

அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சரும் சிரித்தார், இன்னும் அவருக்குப் புரியவில்லை.

"சரி, வரப்பு எங்க போடுறது டீச்சர்? எங்க வரப்பே ரெண்டடிங்க. பாத்தில வரப்ப போட்டா பாத்தி எங்க போவும்? கோழிய வுட்டு மிதிக்கச் சொன்னாக்கூட அது ரோட்டுல போயி நின்னுக்கும்."

அப்போது சிரித்தார்கள். அம்மாக்கள் சிரித்தார்கள், காம்பவுண்டு ஓரம் நின்ற ஆண்கள் சிரித்தார்கள், எச்.எம். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டார். பிள்ளைகள்தான் அதிகம் சிரித்தார்கள். டீச்சர் இது கணக்குக்காகச் சொன்னது, நிஜ உப்பளம் இல்லை என்று ஏதோ சொன்னார். சிரிப்பில் அது கேட்கவில்லை. நான் அந்த இடத்துக்காகத்தான் இரண்டு மாதம் காத்திருந்தேன். ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"எங்க புத்தி உப்பளத்துலயே கெடக்குது டீச்சர். அதான் பாத்தின்னா எப்டி இருக்கும்னு எங்களுக்குத் தெரியுது."

டீச்சர் என்னைப் பார்த்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது. சுண்ணாம்புக் கையைப் புடவையில் துடைத்தார். பச்சைப் புடவையில் ஐந்து விரல் வெள்ளையாகப் பதிந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அப்படியே போய் பஸ் ஏறினார் என்று பிறகு சொன்னார்கள். இதை எழுதும்போதுகூட அந்த வெள்ளை விரல்களை நினைத்தால் எனக்குள் ஏதோ இனிக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் மகள் ஓரடி முன்னால் போனாள். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். அக்கா நின்றதைப் பார்த்தாயா, டீச்சர் முகத்தைப் பார்த்தாயா என்று. பெட்டிக்கடை தாண்டியதும் அவள் நின்றாள்.

"கேள்வில வரப்பே இல்லம்மா. டீச்சர் போட்டதுதான் சரி."

கேள்வியில் இல்லாவிட்டால் என்ன, நிஜத்தில் இருக்கிறதே என்றேன்.

"நான் மொதல்ல ரெண்டுதான் போட்டிருந்தேன். நீ சொன்னதால அழிச்சுட்டு எழுதுனேன்."

வீட்டுக்குப் போனதும் அந்தப் பழைய நோட்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். பதினாறுக்கு அடியில் தாள் சற்றே உரிந்திருந்தது. சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது. இரண்டு பெருக்கல் முப்பத்தேழு. கீழே இரண்டு, இரண்டு, இரண்டு, ஏழு. அதற்கும் கீழே ஒரு சின்ன இரண்டு, சுற்றி ஒரு வட்டம். அன்றைக்கு அவள் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விடை ரொம்பச் சின்னதாக வந்தால் தப்பா என்று. தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எதுவும் நடந்திருக்காது. நான் பென்சிலைப் பிடுங்கினேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சேற்று உப்பில் கால் வெடிக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வரப்பு ரெண்டடின்னு யாரு சொன்னா?" என்றார். அக்காவும்தானே சொன்னார் என்றேன். "ஒரு பக்கம் ரெண்டு இருக்கும், ஒரு பக்கம் ஒண்ணரை. வாய்க்கா ஓரம் மூணுகூட இருக்கும். பாத்தியும் எங்க சதுரமா இருக்குது? அன்னைக்கே என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." அன்றைக்கு அவர் இரண்டடி தள்ளித்தான் படுத்திருந்தார்.

ஆக, என் பதினாறும் உப்பளத்தில் இல்லை. டீச்சரின் இரண்டும் இல்லை. ஆனாலும் என் கோபம் குறையவில்லை. சொன்னால் வெட்கமாக இருக்கிறது, இன்னும் கூடியது. அவர் போட்ட பூஜ்யம் நியாயம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்ன சொல் எண்ணைப் பற்றியது இல்லை. அது என் வீட்டைப் பற்றியது, விடியும் முன்னால் எழுந்து போகும் என் கணவரைப் பற்றியது. தப்பான விடைக்குப் பூஜ்யம் போடலாம். அதற்கு மேல் போட்டது எதற்கு?

அடுத்த வாரத்திலேயே பிள்ளைகள் என் மகளை "வரப்பு" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். டீச்சருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. "ரெண்டடி". கரும்பலகையில் எழுதி வைக்கிறார்களாம். அவர் வகுப்புக்குள் நுழையும்போது, யாராவது ஒருவன் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு தத்தித் தத்தி நடக்கிறானாம். முதல் நாள் இதைக் கேட்டு நானும் தலைவி அக்காவும் குழாயடியில் சிரித்தோம்.

மூன்றாம் நாள் மதிய வகுப்பு நின்றுவிட்டது. நேரமில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார். என் மகளை மட்டும் விலக்கியிருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஐந்து பேருக்கும் நிறுத்திவிட்டார். பாடத்திலும் இப்போது புத்தகக் கணக்கு மட்டும்தானாம். ரிப்பன் வெட்டுவது, தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது. உப்பு என்ற சொல்லே வருவதில்லையாம். மற்ற நான்கு பிள்ளைகளும் என் மகளிடம் பேசுவதில்லை. உங்கம்மாவால்தான் என்கிறார்கள். அவள் இப்போது சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிடுகிறாள். மணி அடிக்கும்வரை டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். போட்டி பங்குனியில்.

போன வாரம் சின்னவனுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் டீச்சரைப் பார்த்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முன்னால் அவரே பக்கத்தில் வந்து நின்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். கூனிமேட்டுப் பக்கமிருந்து ஒரு லாரி வந்து போனது.

"புக்குல எல்லாம் ரிப்பன், டைல்ஸ்தான் இருக்குது. நம்ம பசங்களுக்குப் புரியட்டுமேன்னுதான் உப்பளத்துல ஒண்ணு நானே எழுதினேன். அதான் தப்பாப் போச்சு."

சின்னவன் அழ ஆரம்பித்தான், தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"நீங்க சொன்னா பசங்க அந்தப் பேர வுட்டுடுவாங்க. கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

பார்க்கிறேன் டீச்சர் என்றேன். திண்டிவனம் பஸ் வந்தது, ஏறிப் போனார். என் மகளை "வரப்பு" என்று கூப்பிட்டபோது நீங்கள் நிறுத்தினீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். பஸ் போன பிறகுதான் அந்த வாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் பேசியதை வீடு வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எதைத் தப்பு என்றார்? உப்பளத்தை வைத்துக் கணக்கு எழுதியதையா? எங்கள் புத்தியைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. ஒருவேளை அதைச் சொல்லத்தான் வந்து நின்றாரோ, என் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாரோ? சின்னவன் அழுதுகொண்டிருந்ததால் நான் சரியாகக் கவனிக்கவில்லையோ? தெரியவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம். குறிப்பேட்டில் வழக்கம்போல நான்தான் எழுத வேண்டும். பேசுவதற்கு இரண்டு தாள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில், கேள்வியில் வரப்பு இல்லை, டீச்சரின் விடை சரி, தப்பாகச் சொல்லிக் கொடுத்தது நான், டீச்சரை யாரும் அந்தப் பெயரால் கூப்பிடக் கூடாது என்று இருக்கிறது. இன்னொன்றில், என் மகளிடமும் எங்களிடமும் அந்தச் சொல்லுக்கு டீச்சர் முதலில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. தலைவி அக்கா இரண்டாவது தாளைத்தான் படிக்கச் சொல்கிறார். "நீ எறங்குனா நம்ம எல்லாரும் எறங்குன மாதிரி" என்கிறார். என் மகளிடம் கேட்டேன். அவள் எந்தத் தாளையும் தொடவில்லை. மதிய வகுப்பு எப்போது ஆரம்பிக்கும் என்று மட்டும் கேட்டாள்.

முதல் தாளைப் படித்தால் வகுப்பு திறக்கும், அது எனக்கு ஏறக்குறைய நிச்சயம். ஆனால் அந்தச் சொல்லை நானே துடைத்துக் கொடுத்ததாக ஆகிவிடும். நாளைக்கு வேறொரு பிள்ளையிடம் அதையே சொல்ல அவருக்கு யோசனை இருக்காது. இரண்டாவது தாளைப் படித்தால் அவர் வருத்தம் சொல்லவும் கூடும், மாற்றல் வாங்கிக்கொண்டு போகவும் கூடும். பொறுத்திருக்கலாம் என்றால் பங்குனி பொறுக்காது. அவர் இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பெயரோடு வகுப்புக்குள் நுழையட்டும் என்று எனக்கு இருக்கிறது, அதையும் ஒளிக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் டீச்சர்கள் இருப்பீர்கள். பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் பென்சிலைப் பிடுங்கிய அம்மாக்களும் இருப்பீர்கள். உப்பளத்திலோ வயலிலோ வேலை செய்து, அதற்காக ஒரு சொல் வாங்கியவர்களும் இருப்பீர்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். இரண்டு தாளில் எதை எடுத்துக்கொண்டு போவது?